ஆசிரியரை மறுத்து எழுதிய திருத்தணி மாணவர்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று கல்விக்கூடங்களில் ஒரு படத்துக்கு மாலை விழுகிறது. வெள்ளைத் தலைப்பாகை, மூக்குக் கண்ணாடி, நீண்ட கோட்டு. மாணவர்கள் வரிசையில் நின்று ஆசிரியர்களை வாழ்த்துகிறார்கள். ஆசிரியர்கள் தங்கள் தொழிலின் மேன்மையைப் பற்றிப் பேசுகிறார்கள். மறுநாள் அந்தப் படம் அலமாரிக்குத் திரும்பிவிடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திருவள்ளூர் மாவட்டத்துத் தனியார் கல்லூரிகளில் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நானும் அந்த மேடைகளில் நின்று பேசியிருக்கிறேன். டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை ஆசிரியராகவே எப்போதும் நினைவுகூர்ந்தேன். அவர் ஒருகாலத்தில் மாணவராக இருந்தார் என்பதை வெகுகாலம் எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது எண்ணும்போது, நம் தனியார் கல்லூரிகளுக்கு அவருடைய ஆசிரிய வாழ்க்கையைவிட மாணவ வாழ்க்கையே மிகுதியாகச் சொல்ல இருக்கிறது என்று தோன்றுகிறது.

அவர் பிறந்தது 1888 செப்டம்பர் 5 அன்று, இன்று இம்மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் இருக்கும் திருத்தணியில். முருகன் மலையின் அடிவாரத்தில் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் ஊர் அது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் ஆந்திரத்துக்குச் சென்று, 1960-இல்தான் தமிழ்நாட்டோடு மீண்டும் இணைந்தது. அவருடைய முன்னோர் நெல்லூர்ப் பகுதியின் சர்வபள்ளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தந்தை வீராசாமி ஜமீன் நிர்வாகத்தில் சிறிய வருவாய்ப் பணியில் இருந்தார். குடும்பம் பெரிது, வருமானம் சிறிது. ராதாகிருஷ்ணனின் படிப்பு பெரும்பாலும் உதவித்தொகையை நம்பியே நடந்தது.

திருத்தணியில் தொடக்கக் கல்வி முடிந்ததும், 1896-இல் எட்டு வயதில், அவர் திருப்பதியில் இருந்த லுத்தரன் மிஷன் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அதை நடத்தியது ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த மிஷன். அதன்பின் வேலூரில் ஊரீஸ் கல்லூரி. அது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆற்காடு மிஷனுக்கு உரியது. அதன்பின் 1904-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அது ஸ்காட்லாந்து மிஷனரிகளின் உழைப்பில் எழுந்தது. ஜெர்மானியர், அமெரிக்கர், ஸ்காட்லாந்தியர் என்று மூன்று நாட்டு மிஷனரிகளின் கையில், ஒரு வைதிகக் குடும்பத்துப் பிள்ளை எட்டு வயதிலிருந்து இருபது வயதுவரை வளர்ந்தார். தமிழகத்தின் உயர்கல்வி வரலாற்றில் சமயச் சார்புள்ள தனியார் நிறுவனங்கள் ஆற்றிய பங்கைப் பேசுவோர், இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை உற்று நோக்க வேண்டும்.

அன்றைய கிறித்தவக் கல்லூரி இன்றுபோல் தாம்பரத்துக் காட்டுக்குள் இல்லை. 1937-இல்தான் அது அங்கே இடம் மாறியது. அதற்குமுன் ஜார்ஜ் டவுனில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, கடைவீதியின் இரைச்சலுக்கு நடுவே இருந்தது. வில்லியம் மில்லர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டி வளர்த்த நிறுவனம் அது. மாணவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களிலும் பெரும் பகுதியினர் மேல்சாதியினர். அன்றாடம் ஒரு பாடவேளை விவிலியத்துக்கு உரியது. யாரையும் மதம் மாற்றுவதைவிட, கிறித்தவச் சிந்தனை ஒரு தலைமுறையின் மனத்தில் ஊடுருவ வேண்டும் என்பதே மில்லரின் நோக்கமாக இருந்தது.

அங்கே ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அதே கல்லூரியில் தத்துவப் பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் பாடநூல்களை அவரிடம் கொடுத்தார். உளவியல், தர்க்கம், ஒழுக்கவியல் பற்றிய நூல்கள் அவை. வேறு பாடம் எடுத்தால் வேறு நூல்கள் வாங்க வேண்டும்; கையில் பணமில்லை. கிடைத்த நூல்கள் எந்தப் பாடத்துக்கு உரியனவோ அந்தப் பாடத்தில் அவர் சேர்ந்தார். பின்னாளில் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயங்களுக்கான பேராசிரியப் பதவியை முதன்முதலாக ஏற்றவரின் துறைத்தேர்வு இப்படித்தான் நடந்தது. பணவசதியைப் பார்த்துப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நம் மாணவர்கள் இதைக் கேட்டால் சற்று ஆறுதல் அடைவார்கள்.

அந்த வகுப்பறையில் அவர் கேட்டவை அவரை அமைதியாக இருக்கவிடவில்லை. வேதாந்தம் உலகை மாயை என்கிறது. உலகமே மாயை என்றால் அதில் நன்மைக்கும் தீமைக்கும் இடம் ஏது. ஆகவே இந்து தத்துவத்தில் ஒழுக்கவியல் இல்லை. இதுதான் அன்றைய மிஷனரி அறிஞர்கள் பலரின் வாதம். வீட்டில் வழிபட்ட தெய்வத்தையும் பாட்டன் ஓதிய மந்திரத்தையும் கல்லூரியில் ஆராய்ச்சிப் பொருளாக வைத்து அறுத்துப் பார்த்தார்கள். விவேகானந்தரின் பேச்சுகளால் பெருமிதம் கொண்டிருந்த இளைஞரை இந்த விமர்சனம் ஆழமாகப் புண்படுத்தியது. இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால், அவர் கல்லூரியை விட்டு ஓடவில்லை; ஆசிரியரை வைதுகொண்டு மூலையில் உட்காரவும் இல்லை. தம் சமயத்தில் உயிருள்ளது எது, உயிரற்றது எது என்று அறிய மூலநூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். அந்த ஆசிரியர்கள் தம் நம்பிக்கையை உலுக்கியதே தமக்கு நன்மையாயிற்று என்றும் அவர் ஒப்புக்கொண்டார்.

முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுத வேண்டியிருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பொருள், வேதாந்தத்தின் ஒழுக்கவியலும் அதன் மெய்யியல் அடிப்படைகளும். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்று கற்பித்த கல்லூரியிலேயே, அந்தக் கற்பித்தலுக்கு மறுப்பாக அவர் அதை எழுதினார். அதைப் படிக்க வேண்டியவர் ஆல்ஃபிரெட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்து மிஷனரியான அவருக்கு அப்போது முப்பத்துமூன்று வயது இருக்கலாம். இந்துக்களின் வினைக் கோட்பாட்டைக் கிறித்தவ நோக்கில் விமர்சித்துக் கல்லூரி இதழில் தொடர் கட்டுரைகள் எழுதியவர். 1909-இல் அவை நூலாகவும் வெளிவந்தன. சுருங்கச் சொன்னால், மாணவர் மறுத்த கருத்தின் முதன்மையான வாதியே அந்த மாணவருக்கு ஆசிரியர்.

ஆய்வேடு தம் ஆசிரியரைச் சினமூட்டக்கூடும் என்று இருபது வயது மாணவர் அஞ்சினார். அஞ்சியது நடக்கவில்லை. தத்துவச் சிக்கலின் முதன்மைக் கூறுகளை இம்மாணவர் நன்கு உணர்ந்திருக்கிறார், கடினமான வாதத்தை எளிதாகக் கையாள்கிறார், ஆங்கிலத்திலும் தேர்ச்சி உடையவர் என்ற பொருள்படப் பாராட்டிச் சான்று எழுதினார் ஹாக். 1908-இல் ஆய்வேடு அச்சேறியது. ஹாக் தம் சமயக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாணவரும் மதம் மாறவில்லை. இருவரும் தத்தம் இடத்திலேயே நின்றார்கள். ஆனால், ஒருவர் மற்றவரின் வாதத்தை அதன் வலிமைக்கு ஏற்ப மதித்தார். ஒரு கல்லூரியில் நடக்கக்கூடிய மிகச் சிறந்த செயல் இதுவே என்று எனக்குப் படுகிறது.

இந்த இடத்தில் என்னைப் பற்றிய ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல என்னால் இயலாது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், தொழிற்பேட்டைகளும் வட்டார வளர்ச்சியும் என்ற தலைப்பில் மாணவர்களிடம் கட்டுரை கேட்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டால் அப்பகுதி எவ்வாறு முன்னேறியது என்பதை வகுப்பில் விரிவாகச் சொல்லியிருந்தேன். எல்லோரும் நான் சொன்னதையே திருப்பி எழுதினார்கள். கும்மிடிப்பூண்டிக்கு அருகிலிருந்து மின்சார ரயிலில் வந்து படித்த ஒரு மாணவர் மட்டும் என்னை மறுத்து எழுதினார். பல ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளியாகவே இருக்கும் தன் தந்தையின் கூலிக் கணக்கை வரிசையாகக் கொடுத்திருந்தார். தன் தெருவில் நிரந்தர வேலை பெற்றவர்கள் எத்தனை பேர், பெறாதவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எண்ணியிருந்தார். வளர்ச்சி என்று ஆசிரியர் சொன்னது யாருடைய வளர்ச்சி என்ற கேள்வியோடு கட்டுரை முடிந்தது. பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று சிவப்பு மையில் எழுதி, தேர்ச்சிக்குப் போதுமான மதிப்பெண் மட்டும் இட்டேன். அதன்பின் அந்த மாணவர் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த கட்டுரையில் நான் சொன்னதையே எழுதினார். நல்ல மதிப்பெண்ணும் பெற்றார். ஹாக் செய்ததைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சிவப்பு மைதான்.

ராதாகிருஷ்ணனின் பிற்கால வாழ்வு பலரும் அறிந்தது. 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவ ஆசிரியரானார். 1918-இல் மைசூர் மகாராஜா கல்லூரிக்குச் சென்றார். 1921-இல் அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாம் ஜார்ஜ் பேராசிரியராகப் புறப்பட்டபோது, மாணவர்கள் அவரை மலர் அலங்கரித்த வண்டியில் அமர்த்தித் தாங்களே இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குச் சென்றார்கள். இந்தியத் தத்துவம் குறித்த அவருடைய பெருநூலின் இரு தொகுதிகள் 1923-இலும் 1927-இலும் வெளிவந்தன. 1926-இல் ஆக்ஸ்போர்டின் மான்செஸ்டர் கல்லூரியில் இந்து வாழ்க்கைநெறி பற்றிச் சொற்பொழிவாற்றினார். அதுவும் ஒரு கிறித்தவப் பிரிவினர் நிறுவிய கல்லூரியே. ஜார்ஜ் டவுன் வகுப்பறையில் தொடங்கிய மறுப்பு, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்போர்டு மேடையில் உரிமையோடு ஒலித்தது. 1931 முதல் 1936 வரை ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கும், 1939 முதல் 1948 வரை காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். 1936-இல் ஏற்ற ஆக்ஸ்போர்டுப் பேராசிரியப் பதவி 1952 வரை அவரிடம் இருந்தது.

இந்த ஏற்றத்தின் நடுவே, மாலையிடும் மேடைகளில் நாம் சொல்லாமல் விடும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. கல்கத்தாவின் இளம் ஆய்வாளர் யதுநாத் சின்கா, தம் ஆய்வேட்டின் பகுதிகள் ராதாகிருஷ்ணனின் நூலின் இரண்டாம் தொகுதியில் எடுத்தாளப்பட்டிருப்பதாக 1929-இல் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். ராதாகிருஷ்ணன் அதை மறுத்தார். ஒரே மூலநூல்களை இருவரும் பயன்படுத்தியதால் ஒற்றுமை தோன்றுகிறது என்பது அவர் தரப்பு. இரு பக்கமும் வழக்குகள் தொடரப்பட்டன. 1933-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. ஆகவே, எவர் பக்கம் உண்மை என்பதை எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. அவரைப் போற்றுவோர் இதை மறைக்கத் தேவையில்லை. தூற்றுவோர் முடிந்த முடிவாகக் கொள்ளவும் இடமில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. தம் இருபது வயதில் ஆசிரியரை அச்சத்தோடு மறுத்து எழுதியவர், தம் நாற்பது வயதில் ஓர் இளைய ஆய்வாளரின் குற்றச்சாட்டுக்கு முன் நிற்க நேர்ந்தது. பல்கலைக்கழகத்தில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி, நாற்காலி மாறும்போது முகம் மாறிக்கொள்கிறது.

அவருடைய கருத்துகளிலும் நமக்கு உடன்பாடில்லாதவை உண்டு. வருணப் பிரிவை ஓர் இலட்சிய ஏற்பாடாகக் காட்டி அவர் எழுதிய பக்கங்கள், சாதியின் அடியில் நசுங்கியவர்களின் அனுபவத்தைப் போதுமான அளவு கேட்கவில்லை. அவரோடு ஜார்ஜ் டவுன் வகுப்பறையில் அமர்ந்திருந்தோரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகச் சிலரே இருந்திருக்க முடியும் என்பதையும் நினைக்க வேண்டும். அவர் படித்த முறையில் அவரைப் படிப்பதென்றால், இதையும் மறுத்து எழுதும் உரிமை மாணவர்க்கு உண்டு.

நாடு விடுதலை பெற்றதும் உயர்கல்வியைச் சீரமைக்க அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவர் தலைவரானார். ஜாகிர் உசேன், மேக்நாத் சாகா, நம் இலட்சுமணசாமி முதலியார் போன்றோர் உறுப்பினர்கள். 1949 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு உருவானதில் அதன் பரிந்துரைக்குப் பங்குண்டு. ஓர் இணைப்புக் கல்லூரியில் 1,500 மாணவர்களுக்கு மேல் கூடாது. தேர்வு நாள்களைக் கழித்து ஆண்டுக்கு 180 வேலைநாள்களாவது வகுப்பு நடக்க வேண்டும். விரிவுரையோடு நில்லாமல் சிறுசிறு குழுக்களாக மாணவரை அமர்த்தி ஆசிரியர் உரையாட வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. சமயத்தைப் பற்றியும் அது பேசியது. நாள் தொடக்கத்தில் சில நிமிட மௌனம். முதலாண்டில் புத்தர், இயேசு, நபிகள் உள்ளிட்ட சமயச் சான்றோரின் வரலாறு. இரண்டாம் ஆண்டில் உலக மறைநூல்களிலிருந்து பொதுமையான பகுதிகள். மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் அடிப்படைக் கேள்விகள். ஒரே சமயத்தின் பாடவேளையில் உட்கார்ந்து வளர்ந்தவர், பல சமயங்களையும் ஆராயும் பாடத்திட்டத்தை முன்வைத்தார்.

அதே ஆண்டுகளில் அரசியல் நிர்ணய சபையில் அவரும் உறுப்பினர். சென்னை இலயோலாக் கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசாவும் உறுப்பினர். இலயோலாக் கல்லூரி, பெர்ட்ரம் என்ற பிரெஞ்சுத் துறவியின் முயற்சியால் 1925-இல் தோன்றிய கத்தோலிக்க நிறுவனம். சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களைத் தாமே நடத்தும் உரிமைக்காக டிசூசா வாதாடினார். அந்த உரிமை அரசியல் சாசனத்தின் 30-ஆம் பிரிவாயிற்று. அதற்கு இரண்டு எண்கள் முன்னால் 28-ஆம் பிரிவு நிற்கிறது. அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் நிறுவனத்தில் படிப்பவரை, அவருடைய ஒப்புதலின்றிச் சமயப் போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது அதன் மூன்றாம் உட்பிரிவு. நிறுவனத்துக்கு அதன் சமயம். மாணவருக்கு அவருடைய மனச்சான்று. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வாழ முடியும் என்று நாடு ஒப்புக்கொண்டது. திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் ஒரு சிறுவன் வாழ்ந்து காட்டியது அதைத்தான்.

இன்று திருத்தணியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இம்மாவட்டத்தைக் குறுக்காகக் கடப்பவர் எத்தனையோ தனியார் கல்லூரிகளின் வாயில் வளைவுகளைக் காண்பார். கிறித்தவ நிறுவனங்கள், இந்து அறக்கட்டளைகள், எந்தச் சமயமும் சாராத வணிக நிறுவனங்கள் எல்லாமே உண்டு. காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலிலும் அரக்கோணம் மின்சார ரயிலிலும் தொழிலாளர்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். ராதாகிருஷ்ணனின் காலத்தில் இப்படிப்பட்டவர்களுக்குக் கல்லூரிக் கதவு திறந்திருக்கவில்லை. இது பெரிய முன்னேற்றம். ஆனால், கதவு திறந்தால் போதுமா? வருகைப் பதிவேடு, அகமதிப்பீட்டு மதிப்பெண், வளாக வேலைவாய்ப்பு, சீருடை, அபராதம் ஆகிய ஐந்துக்குள் பல கல்லூரிகளின் மாணவ வாழ்க்கை அடங்கிவிடுகிறது. அகமதிப்பீடு ஆசிரியரின் கையில் இருப்பதால், ஆசிரியரை மறுப்பது மாணவருக்கு விலை அதிகமான செயலாகிவிட்டது. ஏழை மாணவருக்கு அந்த விலை இன்னும் அதிகம்.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் படிப்பு இல்லை என்று நிர்வாகிகள் சொல்வார்கள். தொலைவிலிருந்து பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் கட்டுப்பாடே நம்பிக்கை தருகிறது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்றைய மிஷன் கல்லூரிகளும் கட்டுப்பாடு மிகுந்தவையே. ஆனால், மாணவர் எந்நேரம் வர வேண்டும் என்பதை வகுத்த அக்கல்லூரி, அவர் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதை வகுக்கவில்லை. நம் கல்லூரிகள் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டன. இதை மீட்பதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ வேண்டாம். ஆசிரியரின் கருத்துக்கு எதிரான, ஆனால் சான்றுகளோடு கூடிய விடைக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதை மதிப்பீட்டு விதியிலேயே எழுதி வைக்கலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு கட்டுரையாவது வகுப்பில் சொன்னதை மறுத்து எழுதப்பட வேண்டும் என்று கேட்கலாம். அதைத் திருத்தும் பொறுப்பை வேறோர் ஆசிரியரிடம் கொடுக்கலாம்.

1962-இல் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரானபோது, அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட விரும்பியவர்களிடம் அந்நாளை ஆசிரியர்களுக்கு உரியதாக்கச் சொன்னார். 1967-இல் பதவி முடிந்ததும் சென்னைக்குத் திரும்பினார். 1975 ஏப்ரல் 17 அன்று இங்கேயே மறைந்தார். அவர் வாழ்ந்த மயிலாப்பூர்ச் சாலை இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. நாடு அவருக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்திவிட்டது.

ஹாக் பெயரில் இங்கே விழா எதுவும் இல்லை. செப்டம்பர் 5 வரும்போது இனி அவரையும் நினைத்துக்கொள்வேன். என் மாணவருக்கு இப்போது நாற்பது வயது நெருங்கியிருக்கும். அவருடைய கட்டுரை என்னிடம் இல்லை. அதை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதில் இருந்த கணக்குகள் சரியானவை என்பதை மட்டும் பின்னாளில் அந்தத் தெருவுக்குப் போய்க் கேட்டு அறிந்தேன்.